மாருதி 800-இல் ஆம்ப்ளிஃபயர் பொருத்தியதில் நேர்ந்த தவறு குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: ஆம்ப்ளிஃபயரைத் தவறாகப் பொருத்தியதால் காரின் வயரிங் எரிந்தது – பழுது நீக்கவும் தொகையைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா,

15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகி என் காரை ஒப்படைத்திருக்கிறார்கள் உங்கள் கோவைக் கிளையினர். பதினோராம் நாள், என் அம்மா முன்னிருக்கையில் அமர்ந்திருந்தபோது, டாஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை வந்தது. "பழைய வண்டி, வயரிங் நைந்திருக்கும், வாரண்டி பொருந்தாது" என்று உங்கள் கிளை மேலாளர் கைகழுவிவிட்டார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கார் 1998-இல் அப்பா வாங்கிய மாருதி 800. அவர் பொருத்திய கேசட் பிளேயர் இந்தச் சம்பவம் வரை ஓடிக்கொண்டிருந்தது. அவர் கைப்படப் பெயர் எழுதி வைத்த கேசட்டுகளும் இருக்கின்றன. பிளேயரை மாற்றாமல் ஒலியை மட்டும் மேம்படுத்த வேண்டும் என்பதே என் தேவை. அப்படிப்பட்ட பிளேயரில் ஆம்ப்ளிஃபயருக்கென்று தனி அவுட்புட் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்தே ஒலியை வாங்கிக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர்தான் வேண்டும். இதை முன்கூட்டியே தொலைபேசியில் விளக்கினேன். "தாராளமாகச் செய்யலாம்" என்றார்கள். அதை நம்பித்தான் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயருக்கு 11,500 ரூபாய், வயரிங் கிட்டுக்கு 1,800 ரூபாய், பொருத்தும் கூலி 1,500 ரூபாய் என மொத்தம் 14,800 ரூபாய் கட்டினேன்.

வண்டியை எடுத்த அன்றே ஒரு குறை தெரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் ஏறியது; காலை எடுத்தால் இறங்கியது. அன்று மாலையே கிளைக்குச் சொன்னேன். "போகப் போகச் சரியாகிவிடும்" என்றார்கள். அப்போதே வண்டியைத் திரும்ப அழைத்துப் பார்த்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

பதினோராம் நாள் அவினாசி சாலையில் போய்க்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. அடுத்த நிமிடம் புகை. ஓரங்கட்டி, அம்மாவை இறக்கிவிட்டு, பானெட்டைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன். அந்த ஸ்பேனர் வண்டியில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு அவர் அந்த வண்டியில் ஏறவில்லை.

எங்கள் பகுதியில் நீண்ட காலமாக வாகன மின்வேலை பார்ப்பவரிடம் டாஷ்போர்டைப் பிரிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் காட்டியதைப் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். பிளேயரின் பின்னால் வயர்களை இணைக்கும் பிளக்கான கப்ளரை வெட்டிவிட்டு, வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயருக்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து எடுக்கவில்லை. பிளேயருக்கு வரும் மெல்லிய வயரிலேயே ஒட்டுப்போட்டு எடுத்திருக்கிறார்கள். எர்த் வயர் வண்டியின் வெறும் உலோகத்தில் பட வேண்டும்; பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். ரீங்காரத்துக்கு அந்த எர்த்தே காரணம் என்றார் அவர்.

இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது. சேனலுக்கு 50 வாட் வீதம் 200 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர், வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால், முழு ஒலியில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கேசட் பிளேயருக்காகப் போட்ட வயர் அதைத் தாங்காது. தாங்காது என்பதைத்தான் அந்த 15 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்து சொல்லியிருக்கிறது. ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அது எரிந்தால் காரணத்தைத் தேட வேண்டும். பெரிய ஃபியூஸைப் போட்டால் அடுத்து எரிவது வயர்தான். பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதற்கென ஒரு ஃபியூஸ் வைப்பதுதான் முறை. நான் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கிய கிட்டில் இருப்பதும் அந்த வயரும் அந்த ஃபியூஸும்தான். வண்டி முழுக்கத் தேடியும் அவை இரண்டும் இல்லை. பில்லில் இருக்கின்றன.

வயரிங் நைந்திருந்தது என்ற வாதத்துக்கு வருகிறேன். எரிந்தது ஃபியூஸ் பெட்டிக்கும் பிளேயருக்கும் இடைப்பட்ட அந்த ஒரு வயரும் அதை ஒட்டிச் சென்ற இரண்டு வயர்களும் மட்டுமே. ஹெட்லைட், ஹார்ன், வைப்பர் அனைத்தும் நன்றாக வேலை செய்கின்றன. வண்டியை எடுத்துக்கொண்டபோது உங்கள் ஊழியர் எழுதிய ஜாப் கார்டிலும் மின் இணைப்பு குறித்து எந்தக் குறையும் குறிக்கப்படவில்லை. பழைய வண்டி என்பது தெரிந்துதானே வேலையை ஏற்றீர்கள்? பழைய வண்டிக்கு கூடுதல் கவனம் அல்லவா வேண்டும்?

எரிந்த வயர்களை மாற்றி, கப்ளரைப் பழையபடி அமைத்துத் தர வேண்டும். அந்த வேலையை நான் சொல்லும் மின்பணியாளர் செய்வார்; செலவை நீங்கள் ஏற்க வேண்டும். கிட்டுக்கும் கூலிக்கும் கொடுத்த 3,300 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். ஆம்ப்ளிஃபயரைச் சோதித்து, பழுதிருந்தால் மாற்றித் தர வேண்டும். தவறு உங்கள் கிளையில் நடந்தது என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். பணத்தைவிட இந்தக் கடைசிக் கோரிக்கையே எனக்கு முக்கியம். அதே ஊழியர் இன்று வேறு யாருடைய வண்டியிலோ அதே 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகிக்கொண்டிருக்கலாம்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாடு என்று கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். பில், ஜாப் கார்டு நகல்களையும் படங்களையும் இணைத்துள்ளேன். கருகிய வயரும் அந்த 30 ஆம்பியர் ஃபியூஸும் என்னிடம் இருக்கின்றன. உங்கள் பொறியாளர் எப்போது வந்தாலும் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்