தடைக்கால அறிவியல் வகுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், வருமானம் நின்றுபோகும், அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். நடுவில் பள்ளிக்கும் விடுமுறை வந்துவிடும். கடலூர் தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மீனவர் குப்பத்தில் அந்த நாட்களைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு வைத்தோம். வாயால் நன்றி சொல்லியாயிற்று, ஆனாலும் எழுத்தில் ஒருமுறை சொல்லாமல் எனக்கு மனசு ஆறவில்லை.

முதல் நன்றி மீன் விற்கும் அக்காக்களுக்கும் ஆயாக்களுக்கும். "பெற்றோர் கூட்டம்" என்று கூப்பிட்டபோது ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சில வருடத்துக்கு முன்னால் ஒரு நிறுவனம் பேனர் கட்டி, பெட்டி பெட்டியாகச் சோதனைச் சாமான் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த விளக்கத்தாள் முழுக்க ஆங்கிலம். பெட்டி இன்னும் பிரிக்காமலே இருக்கிறது. அதனால் இந்த முறை ஒரு கேள்வியோடு போய் நின்றோம்: கூடையில் ஐஸ் ரொம்ப நேரம் நிற்க என்ன செய்வீர்கள்? அவ்வளவுதான், சண்டையே வந்துவிட்டது! கல்லுப்பு தூவினால் ஐஸ் நிற்கும் என்றார்கள் பாதிப்பேர். உப்பு பட்டால் ஐஸ் ஓடிப்போகும் என்றார்கள் மீதிப்பேர்.

சரி, செய்தே பார்த்துவிடலாம் என்று ஒரே எடையில் ஐஸ் வாங்கிப் பிரித்தோம். ஒன்று சாக்கில், ஒன்று மரத்தூளில், ஒன்று தெர்மாகோல் பெட்டியில், ஒன்று சும்மா தட்டில், இன்னொன்றில் கை நிறைய கல்லுப்பு. கரைந்த தண்ணீரைப் பிள்ளைகள் அளந்து அளந்து நோட்டில் எழுதினார்கள். உப்புப் போட்டதுதான் முதலில் காலியானது. ஆனால் அதில் வைத்த தெர்மாமீட்டர் சுழியத்துக்குக் கீழே போய், மைனஸ் 10 என்ற அடிக்கோடு வரை இறங்கிவிட்டது. உப்பு ஐஸின் உருகுநிலையைக் குறைக்கிறது, உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்தே இழுத்துக்கொள்கிறது, அதனால் குளிர் கூடும், ஐஸ் சீக்கிரம் தீரும். ஐஸ் நிற்கும் என்ற கட்சி தோற்றாலும், உப்பால் குளிர் கூடியதில் அவர்களுக்கும் பாதி ஜெயம். மரத்தூளும் சாக்கும் ஏன் காப்பாற்றுகின்றன என்று பிள்ளைகள் கேட்டபோது, நாங்கள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, "நடுவுல காத்து அடைஞ்சு நிக்குதுல்ல" என்று பதில் சொன்னது ஓர் ஆயாதான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். மறுநாளிலிருந்து கூப்பிடாமலே ஆள் வர ஆரம்பித்தது.

படகு எஞ்சின் மெக்கானிக் அண்ணனுக்கு அடுத்த நன்றி. பழைய ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து, நட்டு நட்டாகக் கழற்றி, பிஸ்டனைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தார். ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி, "ப்ளக் எங்கே? எங்க வண்டியில இருக்கே" என்று கேட்டாள். பெட்ரோல் வண்டியில் தீப்பொறி போடும் அந்த ப்ளக் டீசல் எஞ்சினில் கிடையாது. காற்றை 15 மடங்குக்கு மேல் அமுக்கினால் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அண்ணன் சைக்கிள் பம்பின் வாயை அடைத்து, வேகமாக அடிக்கச் சொல்லி, அடிப்பக்கத்தைத் தொட்டுப்பார்க்கச் சொன்னார். எந்தப் பயிற்சி முகாமிலும் இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. அன்று அவருக்குப் போன கூலியை வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்றுவிட்டார்.

நிழல் இல்லாத நாளுக்கு வந்த அப்பாக்களுக்கும் நன்றி. கடலூரில் ஏப்ரல் 21 வாக்கில் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். ஆகஸ்டிலும் ஒருமுறை வரும், அப்போது இவர்கள் கடலில் இருப்பார்கள். மணி 12 ஆகியும் நேராக நட்டுவைத்த குழாயின் நிழல் மறையவில்லை என்று கேலி செய்தவர்கள், 12.10 வாக்கில் மறைந்ததும் விடாமல் காரணம் கேட்டார்கள். நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டுக்கு வைத்தது, நாம் அதற்கு ஏறத்தாழ 2.7 பாகை மேற்கே இருக்கிறோம், பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கிச் சொன்னது அவர்கள் பிள்ளைகள்தான்.

புயல் பாடம் நடத்திய தாத்தாவை விட்டுவிட முடியாது. துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றினால் என்ன அர்த்தம் என்று எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அத்துப்படி. தாத்தா அதற்கு அப்புறம் சொன்னார்: "காத்துக்கு முதுகைக் காட்டி நில்லு. புயல் உன் இடது கைப் பக்கம்." உதவிக்கு வந்திருந்த கல்லூரித் தம்பிக்கு ஆச்சரியம். நெதர்லாந்தைச் சேர்ந்த பைஸ் பாலட் 1857-இல் வெளியிட்ட விதி அது. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் அப்படி வருகிறது. மணலில் வட்டம் போட்டுப் பார்த்தோம். புயலின் கண், அதாவது நடுப்பகுதி, நமக்கு வடக்கே கரையேறினால் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், தெற்கே ஏறினால் கடலைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் வரும். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் கரையைக் கடந்ததை நேரில் பார்த்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். படத்தை வைத்துக்கொண்டு அவரவர் நினைவைச் சரிபார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லை.

தெர்மாமீட்டரும் தராசும் கொடுத்த அறிவியல் ஆசிரியைக்கு, சமுதாயக் கூடத்தைத் திறந்துவிட்ட ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு, வருமானம் இல்லாத மாதத்திலும் சுண்டலுக்குக் காசு கேட்காத டீக்கடைக்காரருக்கு, எல்லோருக்கும் நன்றி. 2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றத்தின் வழியாக 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள் பள்ளியிலேயே சோதனை செய்து பழகியிருந்தார்கள். எங்கள் வேலை பாதியாகக் குறைந்ததற்கு அந்த மன்றத்தில் சொல்லித்தந்த கருத்தாளர்களும் காரணம்.

அடுத்த தடைக்காலத்தில் வலைக்கயிறு எவ்வளவு எடை தாங்கும் என்று சோதிக்க வேண்டுமாம், பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். அறுந்த கயிறு, பழைய ஈயக்குண்டு, மிதவை எதையும் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம், யாரோ கொடுத்த மல்டிமீட்டர் ஒன்று என் வீட்டில்தான் இருக்கிறது. உரியவர் சாயங்காலம் 6 மணிக்கு மேல் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
வகுப்பு நடத்திய தன்னார்வலர்களில் ஒருத்தி