கை தட்டிப் பாத்தா போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொறந்த குழந்தைக்கு காது கேக்குதான்னு நம்ம வீடுகள்ல இன்னமும் கை தட்டியும் சாவிக்கொத்தை ஆட்டியும்தான் பாக்குறோம், குழந்தை திரும்பிட்டா கேக்குதுன்னு விட்டுடுறோம். ஆனா கை அசையறது ஓரக்கண்ணுல பட்டாலே குழந்தை திரும்பும். தட்டு கீழ விழுந்தா திடுக்குன்னு முழிக்கிற சில குழந்தைங்களுக்கு பேச்சுல வர்ற 'ச' மாதிரி மெல்லிசு சத்தம் கேக்கவே கேக்காது, அது வீட்ல யாருக்கும் தெரியாமலே ரெண்டு வருஷம் ஓடிடும்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் பெரா (BERA)ன்னு ஒரு காது டெஸ்ட் இருக்கு. தம்பி குழந்தைக்கு எடுத்தப்ப நான் கூடவே இருந்தேன். நெத்தியிலயும் ரெண்டு காதுக்குப் பின்னாடியும் ஜெல் போட்டுத் தேய்ச்சு வயர் ஒட்டி, காதுக்குள்ள குட்டி இயர்போன் வச்சு டிக் டிக்னு சத்தம் குடுத்தாங்க, பாப்பா அதுபாட்டுக்கு தூங்கிட்டு இருந்துச்சு. காது நரம்பு வழியா சத்தம் மூளைத்தண்டுக்குப் போறப்போ வர்ற மின்சாரத்தை மெஷின் புடிக்குது, அது ஒரு மைக்ரோவோல்ட் கூட இருக்காது, அதனாலதான் ஆயிரக்கணக்குல சத்தம் குடுத்து சராசரி எடுக்குறாங்க. குழந்தை வாயை சப்புனா கூட தசையில வர்ற மின்சாரம் இதை அமுக்கிடும், அதுக்குத்தான் தூங்கணும்ங்கறாங்க. ஸ்கிரீன்ல அஞ்சாவதா வர்ற அலை முக்கியமாம், சத்தத்தைக் குறைச்சுக்கிட்டே வந்து அந்த அலை எதுவரைக்கும் தெரியுதுன்னு பாத்தாங்க.

ஓஏஇ (OAE)ன்னு இன்னொரு காது டெஸ்ட் இருக்கு, சில நிமிஷத்துல முடிஞ்சிடும், ஆனா அது உள்காது வரைக்கும்தான் சொல்லும், நரம்புல கோளாறு இருந்தாலும் குழந்தை அதுல பாஸ் ஆயிடும். ஐசியூல இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை ரொம்ப அதிகமா இருந்த குழந்தைன்னா பெராவும் கண்டிப்பா எடுக்கணும். சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களும், வீட்ல ஏற்கனவே காது கேக்காதவங்க இருக்கறவங்களும் டாக்டர்கிட்ட அதை முதல்லயே சொல்லிடுங்க.

எங்களுக்கு பெரிய கஷ்டமா போனது தூக்கம்தான். முதல் தடவை போனப்ப பஸ்ல வர்ற வழியெல்லாம் தூங்குன பாப்பா ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சதும் முழிச்சிடுச்சு, சத்தமான வராண்டாவுல உக்காந்து எப்படி தூங்க வைக்கிறது, வேற தேதி எழுதிக்குடுத்து அனுப்பிட்டாங்க. கூலி வேலையை விட்டுட்டு வர்றவங்க மறுபடி வருவாங்களா? வழியில தூங்க விடாதீங்க, பாலை இங்க வந்து குடுங்கன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தூக்க மருந்தை நீங்களா வாங்கி வீட்லயே குடுத்துட்டு வராதீங்க, அது டாக்டர் பாத்து குடுக்க வேண்டியது.

பொறந்து ஒரு மாசத்துக்குள்ள முதல் டெஸ்ட், மூணு மாசத்துக்குள்ள என்ன குறைன்னு உறுதி, ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பம், உலகம் முழுக்க டாக்டருங்க சொல்ற கணக்கு இதுதான். உள்காதுல கருவி வைக்கிற காக்ளியர் இம்பிளான்ட் ஆபரேஷனை நம்ம முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துலயே பண்றாங்க. 'அவங்க தாத்தாவும் லேட்டாதான் பேசினாரு'ன்னு காத்திருந்தா பேச்சு வரவேண்டிய வருஷங்கள்தான் போகும்.

அரசு, தனியார்னு எந்த ஆஸ்பத்திரியில பொறந்தாலும் டிஸ்சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி காது டெஸ்ட் எடுத்து ரிசல்ட்டை டிஸ்சார்ஜ் சம்மரியில எழுதணும், பெரா எடுக்குற இடத்துல அம்மா பால் குடுத்து தூங்க வைக்க சத்தமில்லாத ஒரு ரூம் ஒதுக்கணும். சுகாதாரத்துறை இதை உடனே செய்யணும்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்