ரிச்சி தெரு அண்ணனுக்கு நன்றி

வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் இணைப்புக்கான நெட்வொர்க் கார்டு வேலை செய்யாததால், சென்னை ரிச்சி தெருக் கடையில் புதுசுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த என்னிடம் தானாகவே பேச்சுக் கொடுத்த அண்ணனுக்கு இந்த நன்றி. பெயர் கேட்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

கதையைக் கேட்டதுமே, "கார்டு சாகல தம்பி, டிரைவர்தான் பொருந்தல" என்றார். டிரைவர் என்றால் கார்டை இயக்கும் மென்பொருள். வீட்டில் இருப்பது 64 பிட் விண்டோஸ் 10. கார்டோடு வந்த சிடியிலோ பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்து 32 பிட் டிரைவர். ஏறவே ஏறாதாம். கம்ப்யூட்டரில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி உள்ள வரியைத் திறந்து, டீடெயில்ஸில் ஹார்டுவேர் ஐடியைப் பார்க்கச் சொன்னார். அதில் 'வென்' (VEN) என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எழுத்து சிப் கம்பெனியைச் சொல்லும், 'டெவ்'வுக்குப் (DEV) பின்னால் வருவது எந்தச் சிப் என்று சொல்லும். அதை வைத்துச் சரியான டிரைவரைத் தேடினால் போதும். சரி, நெட்டே இல்லாமல் எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பியில் செருகி, போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் டெதரிங் போடச் சொன்னார்.

அப்படியே செய்தேன், கார்டு வேலை செய்கிறது. கடைக்காரர் முறைக்க முறைக்க, "புதுசு வாங்காதே" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும் அண்ணே!