கார்னூஸ்டியின் ஆறாவது ஹோல்

அன்புள்ள சந்தானம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைப்பிடியைப் பிடிக்காமலேயே மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. கார்னூஸ்டி உண்மையிலேயே கடினமான கோல்ஃப் மைதானமா, அல்லது பெயரை மட்டும் சம்பாதித்து வைத்திருக்கிறதா என்று கேட்டிருந்தாய். ஸ்காட்லாந்தில் மகன் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் ஒரு முழுநாள் அங்கே ஆடிவிட்டு வந்தேன். மொத்தம் எத்தனை அடித்தேன் என்பதை மட்டும் கேட்காதே.

முதல் பார்வையில் எனக்கு ஏமாற்றம்தான். கடலோரத்துத் தட்டையான நிலத்தைப் பார்த்ததும், கிண்டியில் பந்தயக் குதிரைகள் ஓடும் பாதைக்கு நடுவே நாம் ஆடிய மைதானம் நினைவுக்கு வந்தது. மூன்றாவது ஹோலில், குழி இருக்கும் க்ரீன் புல்தரைக்கு முன்னால் குறுக்கே ஓடும் சிற்றோடையில் என் பந்து விழுந்தபோது அந்த நினைப்பும் கூடவே விழுந்துவிட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் போவது ஒரு திசை, திரும்புவது மறு திசை என்பதால் காற்றுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். இங்கே பாதை திரும்பிக்கொண்டே இருப்பதால், ஒரு ஹோலில் முகத்தில் அடித்த காற்று அடுத்ததில் விலாவில் இடிக்கிறது. மைதான வடிவமைப்பாளர் ஜேம்ஸ் பிரெய்ட் 1926இல் திருத்தியமைத்த மைதானம் இது; கடைசி மூன்று ஹோல்கள் அதற்குப் பின், 1937 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிக்கு முன்னதாக மாற்றப்பட்டவை.

என்னைக் கேட்டால், இந்த மைதானத்தின் உயிர் ஆறாவது ஹோலில்தான் இருக்கிறது. அது நீளமான பார் 5, அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் ஐந்து அடியில் முடிக்க வேண்டியது. முதல் அடி அடிக்கும் டீயில் நின்று பார்த்தால், சீராக வெட்டிய புல்வெளியான ஃபேர்வேயின் நடுவிலேயே மணற்குழிகளான பங்கர்கள் தெரிகின்றன. அவற்றுக்கு இடப்புறம் ஒரு குறுகிய சந்து. அதை ஒட்டி வேலி. வேலியைத் தாண்டினால் பந்து எல்லைக்கு வெளியே. வலப்புறத்திலோ தாராளமான இடம். 1953இல், தாம் கலந்துகொண்ட ஒரே ஓப்பன் போட்டியில், பென் ஹோகன் அந்த இடப்புறச் சந்துக்குள் பந்தை அடித்து வைத்தார் என்பதும், மற்றவர்களைவிட நான்கு அடியாவது குறைவாக அடித்துக் கோப்பையை வென்றார் என்பதும் உனக்குத் தெரிந்ததே. மட்டைப் பையைச் சுமந்து எனக்குத் துணையாக வந்த வயதான கேடி ஒன்றும் பேசாமல் முகவாயால் வலப்பக்கத்தைக் காட்டினார். நானும் மறுபேச்சின்றி அங்கேயே அடித்தேன். பந்து அழகாகப் புல்மேல் உட்கார்ந்திருந்தது. அருகில் போன பிறகுதான், வலப்பக்கத்திலிருந்து ஓடை ஒன்று சாய்வாக உள்ளே வந்து இரண்டாவது அடியை மறிப்பது தெரிந்தது. சுங்கச்சாவடியைத் தவிர்க்க ஊரைச் சுற்றிப் போனவனை ஊர்க்கோடியில் இன்னொரு சுங்கச்சாவடி பிடித்துக்கொண்ட கதைதான். இடப்புறம் துணிந்தவனுக்கு அந்தத் தொல்லை குறைவு. வலிமை குறைந்தவனை இந்த ஹோல் தண்டிப்பதில்லை. எவ்வளவு துணிவாய் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்கிறது, அவ்வளவுதான்.

பதினாறாவதைப் பற்றி நமக்குள் சண்டை வரும். ஏறத்தாழ 248 கஜம் நீளமுள்ள பார் 3 அது. 1975 ஓப்பனில் டாம் வாட்சன், சமன் முறிக்கும் பதினெட்டு ஹோல் ஆட்டத்தையும் சேர்த்து, ஐந்து முறை அங்கே ஆடியும் ஒருமுறைகூட பார் எடுக்கவில்லை. ஆனாலும் கோப்பை அவருக்கே கிடைத்தது. கடினம் என்பதில் ஐயமில்லை. ஆனால் யோசிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? நீளமான கட்டையை எடுத்து நேராக அடிக்க வேண்டும். வேறு வழி கிடையாது. உனக்கு இத்தகைய ஹோல்கள் பிடிக்கும். எனக்கு அது தேர்வாகப் படுகிறதே தவிர, ஆட்டமாகப் படவில்லை. பதினேழாவது அப்படியன்று. பாரி ஓடை வளைந்து வளைந்து பந்து விழும் இடத்தைத் தீவாக்கி வைத்திருப்பதால், எவ்வளவு தூரம் அடிப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே கேள்வியாகிறது.

பதினெட்டாவதை எல்லோரும் 1999 ஓப்பனில் ஆடிய ழான் வான் டி வெல்டை வைத்தே பேசுகிறார்கள். கடைசிச் சுற்றில் அந்த ஹோலை ஆறு அடியில் முடித்திருந்தாலே வென்றிருப்பார். ஏழு அடித்துவிட்டு, சமன் முறிக்கும் ஆட்டத்தில் பால் லாரியிடம் தோற்றார். அந்த வாரம் ஃபேர்வேக்களைச் சுருக்கிப் புல்லை ஓங்க விட்டிருந்தார்கள். முதலிடத்துக்குச் சமனாக நின்ற மூவரும் நான்கு சுற்றும் சேர்த்து, பாரைவிட ஆறு அடி அதிகமாக, 290 எடுத்திருந்தார்கள். அதை வடிவமைப்பின் கணக்கில் எழுதக் கூடாது என்பது என் கட்சி. வான் டி வெல்டின் பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி வந்ததையும் எந்த வடிவமைப்பாளரும் வரைந்து வைக்கவில்லை. ஆனால் அந்த ஓங்கிய புல்லுக்குள் நின்றபோதும் பக்கவாட்டில் தட்டி வெளியே வர அவருக்கு இடம் இருந்தது. ஓடையைத் தாண்டப் பார்த்தார், ஓடைக்குள் போனது. 2007 ஓப்பனில் ஹாரிங்டன் அதே ஹோலில் இரண்டு பந்துகளை ஓடையில் விட்டும் இறுதியில் வென்றார். தவறு செய்த பிறகும் யோசிக்க ஒரு வாய்ப்பு வைத்திருக்கும் ஹோல் என்பதால், பதினாறாவதைவிட இதை இரண்டு படி மேலே வைப்பேன்.

ஸ்கோர் அட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பதினேழாவதற்கு எதிரே நான் எழுதியிருக்கும் எண் நான்கு போலத் தெரியலாம், அது ஒன்பது.

அன்புடன்,
வேங்கடம்