செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய கணினிகளும் பாக்கிச் சந்தாவும்

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் வீட்டிலிருந்தபடி இந்த அறிக்கையைப் பிறகு வாசித்துக் குறை சொல்லப்போகும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செங்கோட்டையில் நாம் நடத்தும் பழைய கணினி, வீடியோ விளையாட்டுச் சங்கத்தின் செயற்குழு விதிப்படி கூடியது. ஆயுத பூஜையன்று எல்லா மெஷின்களுக்கும் பொட்டு வைக்கப்பட்டது. குங்குமம் கீபோர்டுக்குள் விழாமல் பார்த்துக்கொண்டவர் பொருளாளர். ஓணம் விடுமுறையில் புனலூர், தென்மலை, ஆரியங்காவு உறுப்பினர்கள் ரயிலில் வந்து கலந்துகொண்டார்கள். பொங்கலுக்கு மாரியோ போட்டி நடந்தது, பரிசும் கொடுத்தாயிற்று. குற்றாலம் சீசனில் வைப்பதாக இருந்த கண்காட்சி மழையால் நடக்கவில்லை.

இனி, முகத்துக்கு நேரே கேட்காமல் டீக்கடையில் கேட்கப்படும் கேள்விக்கு வருகிறேன். 'அந்த ஓட்டை 486-க்கு எதற்கு இவ்வளவு செலவு?'

486 என்பது 1990-களின் தொடக்கத்தில் புழங்கிய ஒரு கணினி வகை. தென்காசியில் மூடிப்போன ஒரு பயிற்சி மையத்தின் பரணில் கிடந்த மெஷின் அது. பழைய இரும்புக்கடைக்குப் போக இருந்ததை, எடைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்து வாங்கினோம். மூடியைத் திறந்தால் மதர்போர்டின் ஒரு மூலை முழுக்க நீலமும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அருகில் இருந்த உறுப்பினர் பூஞ்சணம் என்று கைக்குட்டையை எடுத்துவிட்டார். அது பூஞ்சணம் அல்ல. மின்சாரம் இல்லாதபோதும் தேதி, நேரம், ஹார்ட் டிஸ்க் விவரம் ஆகியவற்றைக் காத்துவைக்க அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்றைப் பற்றவைத்தே கொடுத்தார்கள். இப்போதைய மெஷின்களில் இருக்கும் காசு வடிவ சிஆர் 2032 போலக் கழற்றி மாட்ட முடியாது. வருடங்கள் போனால் அது கசியும். கசிந்தது அமிலம் என்று நம் கூட்டத்திலேயே ஒருவர் அடித்துப் பேசினார். அது காரம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதனால்தான் அதை முறிக்க வினிகர் வேண்டும். செலவுச் சீட்டில் 'வினிகர்' என்று இருப்பதைப் பார்த்துச் செயலாளர் ஊறுகாய் போடுகிறார் என்று சிரித்தவர்கள் இத்துடன் தெளிவு பெறலாம்.

பேட்டரியை வெட்டி எடுத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் வினிகர் தடவித் தேய்த்தேன். நுரைத்தது. பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர், அதன் மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். வெயிலில் காயவைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனி மாதச் செங்கோட்டையில் வெயிலை எங்கே போய்த் தேடுவது? புளியரைப் பக்கம் மலை இடைவெளியில் புகுந்து வரும் காற்று சாரலைத்தான் அள்ளிக்கொண்டு வரும். என் வீட்டு அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, அதன் மேல் தட்டில் போர்டை வைத்து உலர்த்தினேன். அந்த மின்கட்டணம் சங்கக் கணக்கில் ஏறவில்லை என்பதையும் பொதுக்குழு குறித்துக்கொள்ளட்டும்.

மின்சாரம் கொடுத்ததும் திரையில் எழுத்து வந்தது. நினைவகத்தை எண்ணி முடித்தது. அதன் பிறகு, கீபோர்டில் பிழை, தொடர எஃப்1 விசையை அழுத்தவும் என்றது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டு அதே கீபோர்டில் ஒரு விசையை அழுத்தச் சொல்லும் இந்த வழக்கத்தை எழுதிவைத்தவர் யாரோ, அவரும் எங்காவது சங்கச் செயலாளராக இருந்திருப்பார்.

காரணம் இதுதான். பேட்டரி இருந்த இடம் கீபோர்டு சொருகும் ஐந்து முனை வட்டக் குழிக்குப் பக்கத்தில். குழியிலிருந்து கீபோர்டைக் கவனிக்கும் சிப்புக்குப் போகும் செப்புத் தடங்களில் ஒன்றை அந்தக் காரம் அரித்துத் தின்றிருந்தது. மேலே பூசிய பச்சை வண்ணம் அப்படியே இருக்கிறது, அடியில் செம்பு இல்லை. கண்ணால் பார்த்தால் தெரியாது. மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டு வந்தால், மற்ற தடங்களில் எல்லாம் கத்தும். ஒரு தடத்தில் மட்டும் வாயைத் திறக்காது. மோட்டார் வைண்டிங் கடையில் எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பி ஒரு முழம் கேட்டேன். கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். நுனியைச் சுரண்டி, ஈயம் பிடிக்கவைத்து, குழியின் காலுக்கும் சிப்பின் காலுக்கும் நேராகப் பாலம் போட்டேன். எஃப்1 வேலை செய்தது. அந்த நேரத்தில் அறையில் இருந்தவர்கள் நானும், காவலுக்கு வரும் பெரியவரும்தான். என்ன ஆயிற்று என்று கேட்டார். கீபோர்டு வந்துவிட்டது என்றேன். 'எங்கே போயிருந்தது?' என்றார். மற்ற உறுப்பினர்கள் யாருக்கும் அந்த அளவு ஆர்வம்கூட இருக்கவில்லை.

ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. அதற்குப் பதிலாகக் கேமராவில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை ஒன்றை ஒரு சிறிய இணைப்பான் வழியாக மாட்டியிருக்கிறேன். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்குகள் பேசும் ஐடிஇ மொழி அந்த அட்டைக்கும் தெரியும் என்பதால் மெஷினுக்கு வித்தியாசம் புரியாது. பெரிய அட்டையாக வாங்கியிருக்கலாமே என்பவர்களுக்கு: மெஷினை எழுப்பிவிடும் பயாஸ் என்னும் உள்மென்பொருள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் 504 மெகாபைட்டுக்கு மேல் கண்ணெடுத்தும் பார்க்காது. செலவைக் குறைத்ததற்கும் என்னைத்தான் கேட்பார்கள் என்று தெரியும்.

இப்போது அதில் 1993 டிசம்பரில் வந்த டூம் என்னும் துப்பாக்கி விளையாட்டு ஓடுகிறது. 1989-இன் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் ஓடுகிறது. அறுபது நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும், செயற்குழுக் கூட்டம் முடிவதற்குள் ஒரு முறை ஆடிவிடலாம். முன்பக்கம் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. புது உறுப்பினர்கள் அதை அழுத்தினால் வேகம் கூடும் என்று நினைக்கிறார்கள். அது இருப்பது வேகத்தைக் குறைப்பதற்கு. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதிய விளையாட்டுகள் 486-இல் தலைதெறிக்க ஓடும். கை வைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். மெஷினை மெதுவாக ஆக்கிக்கொள்ள ஒரு பொத்தான்! இன்றைய கைபேசியில் இதைக் காட்ட முடியுமா?

ஏனென்றால் 'எல்லாம் கைபேசியிலேயே ஓடுகிறதே, அறை வாடகை எதற்கு' என்று எழுத்து மூலமாகவே ஒரு கடிதம் வந்திருக்கிறது. பதில் சொல்கிறேன். நம்மிடம் இருக்கும் பழைய பிக்சர் டியூப் டிவியில் பொம்மைத் துப்பாக்கியால் வாத்து சுடும் விளையாட்டை ஆடிப்பாருங்கள். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. அந்த வெளிச்சம் தன் கண்ணில் படுகிறதா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். டியூப் டிவி வரைவது உடனுக்குடன். எல்சிடி டிவி படத்தை வாங்கி, யோசித்து, பிறகு காட்டுகிறது. அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். அதனால் புது டிவியில் நீங்கள் எத்தனை குறிபார்த்தாலும் வாத்து சாகாது. பிரானூர் உறுப்பினர் தம் வீட்டு நாற்பது அங்குல டிவியில் இதைச் செய்து பார்த்துவிட்டுத் துப்பாக்கி பழுது என்று திருப்பிக் கொடுத்தார். திருப்பிக் கொடுத்த வகையில் அவர் மேல்.

நம் டியூப் டிவி ஓடும்போது பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வதைப் பெரியவர்கள் நடிப்பு என்றார்கள். நடிப்பல்ல. நம் நாட்டில் புழங்கிய பால் (PAL) என்னும் ஒளிபரப்பு முறை டிவி வினாடிக்கு 15,625 கோடுகள் வரைகிறது. அதன் கீச்சொலி பிள்ளைகளுக்குக் கேட்கும். வயதானால் அந்த உச்ச ஒலி காதுக்கு எட்டாது. செயற்குழுவில் யாருக்கும் கேட்கவில்லை என்பதிலிருந்து செயற்குழுவுக்கு இளைய ரத்தம் தேவை என்பது புலப்படும். பின்மூடியைக் கழற்ற மட்டும் யாரும் துணிய வேண்டாம். கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

வீடியோ விளையாட்டு கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டுகிறேன். நம் தலைமுறை முழுவதும் ஊதியே வளர்ந்தது, நானும் ஊதியவன்தான். ஊதியதால் ஓடியதில்லை, எடுத்து மறுபடி செருகியதால் முனைகள் சரியாகப் பொருந்தி ஓடியது. மூச்சின் ஈரம் முனைகளை அரிக்கும். ஏற்கெனவே சாரல் ஊர் இது. வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும். ரப்பர் வாங்கிவைத்திருக்கிறேன். மேஜை இழுப்பறையில் இருந்தது. இப்போது இல்லை.

இந்த ஆண்டு மனம் நிறைந்த வேலை மடிக்கணினிகள். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கியவை இன்று பல வீடுகளில் துணி அலமாரிக்குள் கிடக்கின்றன. தொடக்க காலத்தில் வந்தவற்றில் விண்டோஸுடன் நம் நாட்டில் உருவான பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் இருந்தது. பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்னும் சுழலும் பாகமில்லாத சேமிப்பகத்தைப் போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் மாரியோ காலத்து எட்டு பிட் விளையாட்டுகள் எல்லாம் அதில் அருமையாக ஓடுகின்றன. இதைச் செய்தவர் ஆரியங்காவிலிருந்து வரும் பள்ளி மாணவர். கேரளத்தில் உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் கணினி மன்றங்கள் 2018 முதல் இயங்குகின்றன. அங்கே பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் என்பது பிள்ளைகளுக்குப் பழகிய சமாசாரம். நம் பக்கத்துப் பிள்ளைகள் மடிக்கணினி பெற்றார்கள், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அதைத் திறந்து பார்க்கும் துணிவைப் பெற்றார்கள் என்று நான் சொன்னதற்கு ஒரு மூத்த உறுப்பினர் கோபித்துக்கொண்டார். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்தான் அண்ணாச்சி, இதில் கோபத்துக்கு என்ன இருக்கிறது? எல்லைக்கு இரண்டு பக்கமும் சந்தா பாக்கி வைப்பதில் ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது.

சந்தா. ஆண்டுக்கு 300 ரூபாய். பாதிக்கு மேற்பட்டோர் கட்டவில்லை. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், வாசிக்கவில்லை. பட்டியல் சுவரில் இருக்கிறது. வீட்டுக்குப் போனால் 'அவர் கடைக்குப் போயிருக்கிறார்' என்கிறார்கள், உள்ளே டூமின் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. சந்தா கட்டாமல் தினமும் விடியற்காலையில் பூப்படம் அனுப்பும் உறுப்பினர் ஒன்றைக் கவனிக்கட்டும்: 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழு விளையாட்டும் 40 கிலோபைட். இடம் போதாமல் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள். உங்கள் ஒரு காலை வணக்கத்துக்குள் பல மாரியோக்களை அடைக்கலாம்.

வரவு செலவு: வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்தபடி. பற்றாக்குறையை ஒரு நலம்விரும்பி ஈடுசெய்தார். அவர் பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நானேதான் சொல்லிக்கொள்கிறேன். விவரம் பொருளாளரிடம் உள்ளது, அவர் இன்று ஊரில் இல்லை.

இடம் கொடுத்தவர், மரச்சட்டம் இலவசமாக அறுத்துக் கொடுத்த பிரானூர் மர ஆலைக்காரர், வைண்டிங் கடைக்காரர், காவலுக்கு வரும் பெரியவர், தலைவர், துணைத் தலைவர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இடத்தைச் சித்திரைக்குள் காலிசெய்யச் சொல்கிறார்கள். புது அறைக்கு முன்பணம் வேண்டும். எனக்கும் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள விருப்பம்தான். ஈயம் பற்றவைக்கத் தெரிந்த, சந்தா கேட்டால் வெட்கப்படாத யாராவது முன்வந்தால் சாவியை இன்றே கொடுத்துவிடுவேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், சாவி என்னிடமே இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் அந்த டியூப் டிவியை மாடிக்கு ஏற்ற நான்கு பேர் வேண்டும். சந்தா கட்டியவர், கட்டாதவர் என்ற வேறுபாடு பார்க்கப்பட மாட்டாது. ரசீதுப் புத்தகத்தோடு நான் படிக்கட்டின் மேல்முனையில் நிற்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்