கடன் விவரத் தாளை ஃபோன் கடைக்குள் கொண்டுவாருங்கள்: ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

ரிசர்வ் வங்கி அதிகாரிகளுக்கு, வணக்கம்.

2024 ஏப்ரலில் நீங்கள் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டீர்கள். கடன் வாங்குபவருக்கு அதன் முழுச் செலவையும் முன்கூட்டியே ஒரு தாளில் கொடுக்க வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், விளக்கிச் சொல்ல வேண்டும், புரிந்தது என்று ஒப்புதலும் வாங்க வேண்டும் என்றீர்கள். 7 நாளோ அதற்கு மேலோ உள்ள கடனென்றால், சொன்ன நிபந்தனைகள் குறைந்தது 3 வேலை நாள் மாறாமல் இருக்க வேண்டும். அந்த அக்டோபர் 1 முதல் புதுக் கடன்களுக்கு இது கட்டாயம். நல்ல விதி, மனதார வரவேற்கிறேன்.

ஆனால் தவணைக் கடனில் பொருள் வாங்கப் போன தெரிந்தவர்களோடு ஃபோன் கடைக்கும் வீட்டு உபயோகப் பொருள் கடைக்கும் போய் நின்றிருக்கிறேன். அந்தத் தாளை எடுத்து வைத்துப் பேசிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆதார், பான், ஒரு செல்ஃபி, அப்புறம் "ஓடிபி சொல்லுங்க சார்", அவ்வளவுதான். புரிந்தது என்ற ஒப்புதல் அந்த ஓடிபிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

சிபில் ஸ்கோர், அதாவது கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறார் என்று காட்டும் மதிப்பெண், நன்றாக இருப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை, அவருக்குக் கிரெடிட் கார்டு இருக்கும், குறைந்த வட்டியில் கடனும் கிடைக்கும். ஸ்கோர் குறைந்தவர் நிலை வேறு. இரண்டு தவணை பவுன்ஸ் ஆனவர், வேலை போய் ஆறு மாதம் கட்ட முடியாதவர், இவர்கள் வந்தால் கடைப் பையன் ஒரு நிறுவனத்தின் ஆப்பில் விவரத்தைப் போடுவார், ரிஜெக்ட், உடனே அடுத்தது, அதுவும் ரிஜெக்ட், மூன்றாவதில் கிடைத்துவிடும். ஒவ்வொரு முயற்சியும் அவருடைய கடன் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகும் என்பதும், அடுத்தடுத்து விழும் பதிவுகள் ஸ்கோரை இன்னும் இறக்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. கடைசியில் "ஓகே" சொன்ன நிறுவனம்தான் பெரும்பாலும் கூடுதல் விலைக்குக் கடன் தருகிறது. ஆக, யாருக்கு விளக்கம் அதிகம் தேவையோ அவருக்குத்தான் எதுவுமே சொல்லப்படுவதில்லை.

அந்தக் கூடுதல் விலை எவ்வளவு? ஒரு கணக்குப் போடுவோம். 20,000 ரூபாய் கடன், 10 மாதம், மாதம் 2,300 ரூபாய் தவணை, ஆரம்பத்திலேயே 1,000 ரூபாய் செயலாக்கக் கட்டணம். மொத்த வட்டி 3,000. "மாசம் ஒன்றரை வட்டிதான் சார், வெளியில வாங்கினா மூணு வட்டி" என்று கவுண்டரில் சொல்வார்கள். கேட்பவருக்கு லாபமாகத்தான் தெரியும். ஆனால் தெரு வட்டியில் அசல் கடைசிவரை நம் கையில் இருக்கும். இங்கே மாதாமாதம் அசலும் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது, வட்டி மட்டும் முழு 20,000க்கும் கடைசி மாதம்வரை ஓடுகிறது. மீதமிருக்கும் அசலுக்குக் கணக்கிட்டு, கட்டணத்தையும் சேர்த்தால் மாதத்துக்கு மூன்றரை வட்டிக்கு மேல் வரும், ஆண்டுக்கு 43 சதவீதத்தைத் தாண்டும். பயந்து ஒதுங்கிய அந்த மூன்று வட்டியைவிட இது அதிகம்!

வட்டியே இல்லாத தவணை என்பதையும் நீங்கள் 2013லேயே எடுத்துச் சொன்னீர்கள், பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, செலவு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று. "வட்டியில்லாத் தவணை" என்ற பலகைகள் இன்றும் ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் தொங்குகின்றன.

பழைய ஃபோன் ஓடுகிறது, எதற்குக் கடன் வாங்கிப் புதுசு என்று கேட்பவர்கள் உண்டு. நானும் தெரிந்தவர்களிடம் கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் மகள் கல்லூரி சேரும்போது நல்ல ஃபோன் வாங்கித் தர நினைக்கும் அப்பாவின் ஆசையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வாங்குவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும், விலை தெரிந்து முடிவு செய்யட்டும்.

எனவே கேட்கிறேன். ஆண்டுச் சதவீதத்தோடு, மீதமுள்ள அசலில் நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதையும் அந்தத் தாளில் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள், எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அதுதான். அந்தத் தாளைக் கவுண்டரிலேயே தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுத்த பிறகுதான் ஓடிபி போக வேண்டும். எத்தனை நிறுவனங்களில் விண்ணப்பம் போடப்போகிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும்.

சரி, மீறினால் உங்கள் தொலைபேசி எண் 14448க்குப் புகார் செய்யலாமே என்பீர்கள். தனக்கு ஒரு தாள் வரவேண்டும் என்பதே தெரியாதவர் எதைச் சொல்லிப் புகார் செய்வார்? அடுத்த தீபாவளிக்கு முந்தைய வாரம் உங்கள் ஆட்களைச் சாதாரண வாடிக்கையாளராக சென்னை ரிச்சி தெருவுக்கும் மதுரை, கோவைக் கடைகளுக்கும் அனுப்புங்கள். தாள் தராமல் கடன் கொடுத்த நிறுவனங்களின் பெயரை வெளியிடுங்கள்.