உணவை நிறுத்தும் முன் ரத்தப் பரிசோதனை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உடல் முழுதும் நீடித்த வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கும் நாட்பட்ட சோர்வு நோய்க்கும் உணவுமுறை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கோதுமை, பால், சர்க்கரை மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சொல்கிறது. ஏற்கெனவே எழுந்து நடக்கவே சிரமப்படுகிறவர்களிடம் இப்படிச் சொல்வது கவலை தருகிறது.

கோதுமையை நிறுத்திவிட்டு, அதிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனைக்குப் போனால், நோய் இருந்தாலும் 'இல்லை' என்று வரக்கூடும். குளூட்டன் உள்ளே போவது நின்றால் அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும் மெல்லக் குறைந்துவிடும். எனவே பரிசோதனை முதலில். அதோடு ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி, தைராய்டு அளவுகளையும் பார்த்துவிட வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் குறைந்து சோர்வு வரலாம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவோருக்கு பி12 குறையலாம். முடி வளர எடுக்கும் பயோட்டின் மாத்திரை தைராய்டு முடிவையே தவறாகக் காட்டக்கூடும். எடுப்பவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் பெரும்பகுதி வீண். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இடையே 4 மணி நேரமாவது வேண்டும்.

அடுத்தது உணவுக் குறிப்பேடு. நாட்பட்ட சோர்வு நோயில் சக்திக்கு மீறி உழைத்தால், உடல் துவள்வது பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான். திங்களன்று வீட்டைச் சுத்தம் செய்தவர் புதனன்று படுத்துவிட்டு, அன்று காலை குடித்த பாலைக் குற்றம் சொல்வார். இப்படியே ஒவ்வொரு உணவாக விலக்கி, கடைசியில் புரதமே கிடைக்காத நிலைக்கு வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டதோடு தூக்கம், அன்று செய்த வேலை, குளித்தது, வெளியே போனது எல்லாவற்றையும் எழுத வேண்டும். இரண்டு வாரமாவது எழுதாமல் எதையும் நிறுத்தக் கூடாது.

வயிற்று உப்புசமும் மலப் போக்கில் கோளாறும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு ஃபாட்மேப் (குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதிக்கும் சில மாவுச்சத்து வகைகள்) குறைந்த உணவு உதவக்கூடும். 4 முதல் 6 வாரம் விலக்கியபின், ஒரு நேரத்தில் ஒரு வகையை மட்டும், மூன்று நாள் சிறிது சிறிதாகக் கூட்டிச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலர் விலக்குவதோடு நின்றுவிடுகிறார்கள்; அதனால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களும் குறைகின்றன.

இந்த இரு நோய்களையும் குணப்படுத்தும் உணவு எதுவும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், சோர்வு நோய்க்கு வைட்டமின், தாது மாத்திரைகளை வழக்கமாக எடுக்கப் போதிய சான்று இல்லை என்கிறது. குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்வது வேறு விஷயம்.

கட்டுரை பரிந்துரைத்த, உடலில் செரட்டோனின் என்னும் நரம்பு வேதிப்பொருளாக மாறும் 5-எச்டிபி மாத்திரை பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபைப்ரோமயால்ஜியாவுக்குப் பலர் எடுக்கும் டுலாக்செடின், டிரமடால் மருந்துகளோடு இது சேர்ந்தால் செரட்டோனின் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். நடுக்கம், அதிக வியர்வை, படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த எச்சரிக்கையை மட்டுமாவது அடுத்த இதழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர் ஒருவர்